சோப்பு டப்பாவின் பின் சீட்

சோப்பு டப்பாவின் விலை ஏறிவிட்டது என்ற செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் பெரியவன். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் திடீரென்று மந்திரியாகிவிட்டால் எப்படிச் சொல்வார்களோ, அப்படிச் சொன்னான்.

அவள் அப்போது தரையில் மண்டியிட்டு, பல் டாக்டரின் புது கிளினிக்குக்கான திரைச்சீலைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். வாயில் நாலைந்து குண்டூசிகள். பதில் சொல்ல முடியவில்லை. பெரியவனுக்கு அது வசதியாகப் போயிற்று.

“நம்ம காருக்கு இப்ப மார்க்கெட்ல என்ன விலை தெரியுமாம்மா? புதுக் கார் விலைல பாதி. ஒரே குடும்பம் வெச்சிருந்த வண்டின்னா அதுக்கும் மேல. எங்க ஆபீஸ்ல இதே பேச்சுதான்.”

‘நம்ம கார்’ என்ற சொல் அவள் காதில் தனியாக விழுந்தது. போன வருஷம் வரைக்கும் அது ‘உன் வண்டி’யாக இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளை மேனேஜராக இருக்கும் பெரியவன், அவள் தன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வண்டியைத் தெருமுனை மருந்துக்கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்வான். பழைய இரும்புக் கடைக்காரரின் போன் நம்பரைக்கூட ஒருமுறை எழுதிக் கொடுத்திருந்தான். இப்போது வாசலுக்குப் போய், பானெட்டின் மேல் கை வைத்து, காய்ச்சல் பார்ப்பவன் மாதிரி நின்றான்.

அப்படி ஒன்றும் பார்க்கிற வண்டி இல்லை அது. பிஸ்கட் நிறம், நாலு கதவு, பெட்டிமேல் பெட்டியை வைத்ததுபோல ஓர் உருவம். அந்தத் தெரு அதற்குச் சோப்பு டப்பா என்று பெயர் வைத்தபோது வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஒரு காலத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இதே கார்தான் நின்றது. அழகைப் பார்த்து யாரும் வாங்கவில்லை. ஆபீஸ் கடன் சங்கத்தில் இதற்குத்தான் கேள்வி கேட்காமல் கடன் கொடுத்தார்கள், வாங்கினார்கள். பிறகு நல்ல கார்கள் வந்ததும் எல்லோரும் இதை விட்டுத் தலைதெறிக்க ஓடினார்கள். அப்படி ஓடியவர்கள்தான் இப்போது வழுக்கையும் வசதியுமாகத் திரும்பி வந்து, ‘குடும்பக் கார் அன்பர் மன்றம்’ என்று ஒன்று ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, பழைய வைப்பர்களைப் பற்றிக் கண்கலங்கப் பேசுகிறார்கள்.

அவள் புருஷன் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடைக்காரரின் தராசில் முள் மயிரிழை சாய்ந்தாலும் பிடித்துவிடுவார். காரையும் அதே கண்ணோடுதான் ஓட்டினார். புறப்படும் முன் ஒவ்வொருவரும் பாத்ரூம் போயாயிற்றா என்று வாக்குமூலம் வாங்குவார். கிளம்பிய பிறகு யாரும் பேசக்கூடாது; இன்ஜின் சத்தத்தில் வித்தியாசம் வந்தால் அவருக்குக் கேட்கவேண்டும். பின் சீட்டில் சத்தம் வந்தால் ஒரு கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாயும். திரும்பிப் பார்க்கமாட்டார். யார்மேல் படுகிறதோ அவர்தான் குற்றவாளி. நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்னவன்மேல்தான் பெரும்பாலும் படும். “இன்னும் ஒரு வார்த்தை பேசினா இங்கயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்” என்பது அவருடைய பயணப் பாட்டு. ஒருமுறையும் இறக்கிவிட்டதில்லை. இறக்கிவிட்டால் தேவலை என்று பிள்ளைகள் மூவரும் மனசுக்குள் வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு.

அவர் போன பிறகு வண்டி ஒரு வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அவள் அதுவரை திரைச்சீலைகளைத் தோளிலும் ராடுகளைக் கையிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் கண்டக்டர், “அம்மா, நீங்க ஏறுங்க, அது ஏறக்கூடாது” என்றார். அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் பேரைக் கொடுத்தாள். ராடுகளை முதலில் காரின் கூரைமேல் கட்டினாள்; ஒரு வளைவில் அவை பிய்த்துக்கொண்டு போய்ப் பால் வண்டிக்காரரைக் கொல்லப் பார்த்தன. ஜன்னல் வழியே நீட்டினால் போலீஸ்காரர் பிடித்தார். கடைசியில் சீட் தைப்பவர் ஒருவரிடம் போய், பின் சீட்டின் சாய்மானத்தில் நடுவாக ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எடுக்கச் சொன்னாள். வெட்டின இடத்தை ரெக்ஸின் வைத்து மடித்துத் தைத்துக் கொடுத்தார் அவர். அன்றிலிருந்து எவ்வளவு நீள ராடும் டிக்கியில் தொடங்கி, அந்த ஓட்டை வழியாக வந்து, கியர் கம்பிக்குப் பக்கத்தில் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. நகரத்தில் அவள் துணி தொங்காத ஓட்டல் கிடையாது என்று சொல்லும் அளவுக்குத் தொழில் வளர்ந்ததற்கு, அந்த ஒரு சாண் ஓட்டை பாதிக் காரணம். வாடிக்கைக்காரர்கள் அவளை ‘கர்ட்டன் அக்கா’ என்றார்கள். சோப்பு டப்பா தெருவில் திரும்பும் சத்தம் கேட்டாலே ஸ்டூலை எடுத்து வைத்துவிடுவார்கள்.

இந்த ஓட்டையைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி அவர்கள் அந்த வண்டியில் ஏறியதும் இல்லை.

வார இறுதியில் மூவரும் கூடினார்கள். மகள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிரின்சிபால். எதைச் சொன்னாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி சொல்வாள். சின்னவன் விளம்பரக் கம்பெனியில் எழுத்து வேலை பார்ப்பவன். குளியலறைக் குழாய்களைப் பற்றி மனம் உருக எழுதுவதில் அவனுக்கு நல்ல பெயர். பின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவனும் அவன்தான்.

“அம்மா, என் இடத்தக் காணோம்.”

“அது போயி ரொம்ப வருஷமாச்சுடா. நீ இப்பத்தான் பாக்கற.”

“என்னம்மா இது, நடுவுல குகை மாதிரி? நான் உக்காந்த இடம்மா.”

“உக்காந்த இடமா, அடி வாங்கின இடமா?” என்றாள் மகள்.

“ரெண்டும்தான் அக்கா. அதுதான் ஞாபகம்ங்கறது.”

பெரியவன் ஓட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தான். முகத்தில் மாடியிலிருந்து கீழே விழுந்தவனின் வலி. “மன்றத்துல பாத்தா மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க. ஒரிஜினல் பின் சீட் இல்லன்னா இந்த வண்டிக்குப் பாதி விலைகூடத் தேறாது.”

அதன் பிறகு அவளைச் சுற்றி உட்கார்ந்து மூவரும் விஷயத்தை விளக்கினார்கள். டைல்ஸ் வியாபாரம் பண்ணுகிற ஒருவர் இருக்கிறார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் வீட்டில் இதே கார், இதே பிஸ்கட் நிறம். கேட்ட விலை கொடுப்பார். அப்பாவின் நினைவாக இருக்கும் வண்டி ஒரு நல்ல மனிதரிடம் போய்ச் சேரும்.

“நினைவா இருக்கற வண்டிய எதுக்கு விக்கணும்?” என்று கேட்டாள்.

“வெச்சிருந்தா தேஞ்சுடும்மா” என்றான் பெரியவன். “நீ தினம் ஓட்டற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அப்பா ஞாபகம் விலை கொறையுது.”

“அப்ப நான் எதுல போறது?”

“போன்ல டாக்சி ஆப் போட்டுத் தரேன். விரல வெச்சா வாசல்ல வந்து நிக்கும்.”

“ராடு?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டு வந்த பார்வை அது. மகள்தான் சொன்னாள், சேர்க்கை மறுக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோரிடம் பேசும் குரலில்: “ராடு எதுக்கும்மா இனிமே? போதும்மா ஒழச்சது. எங்க மூணு பேர் வீட்லயும் மாறி மாறி இரு.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர்கள் பேசிக்கொண்டிருப்பது காரைப் பற்றி மட்டும் அல்ல. காரோடு அவளையும் தேயாமல் எடுத்து வைக்கத் தீர்மானித்திருக்கிறார்கள். அளவெடுக்கும் டேப்பும் சாவியும் மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அவள் டேப்பை எடுத்துச் சுருட்டினாள்.

“பாக்கலாம்” என்றாள்.

அந்த வீட்டில் அவள் ‘பாக்கலாம்’ என்று சொன்னால் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். புருஷன் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பிள்ளைகளும் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். முடியாது என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெரியவன் உடனே எழுந்து டைல்ஸ்காரருக்குப் போன் போடப் போனான்.

மன்றத்து வழக்கப்படி வண்டியோடு ஒரு குடும்பக் கதையும் கொடுக்கவேண்டுமாம். கதை நன்றாக இருந்தால் விலையும் நன்றாக இருக்கும். அன்று மாலையே சின்னவன் எழுதி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

“ஏரிக்கரையில் அப்பா காரை நிறுத்துவார். அம்மா பிளாஸ்க்கைத் திறப்பாள். நாங்கள் மூவரும் பானெட்டில் சாய்ந்தபடி சூரியன் தண்ணீரில் இறங்குவதைப் பார்ப்போம். எங்கள் அன்றைய சிரிப்பை அந்தக் கார் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறது.”

மகள் மூக்கை உறிஞ்சினாள். பெரியவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“எந்த ஏரி?” என்றாள் அவள்.

“போட்டோ இருக்கேம்மா” என்று சின்னவன் எடுத்துக் காட்டினான். ஏரி இருந்தது. கார் இருந்தது. மூன்று பிள்ளைகளும் அவளும் பானெட்டில் சாய்ந்து, பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இது கிளட்ச் கேபிள் அறுந்த அன்னிக்கு எடுத்ததுடா. உங்கப்பா எல்லாரையும் திட்டித் தீத்துட்டு மெக்கானிக்கத் தேடி நடந்து போனார். அந்தப் பக்கமா சைக்கிள்ல வந்த ஒருத்தர் கையில கேமராவ நீங்கதான் குடுத்தீங்க. நல்லாப் பாரு, போட்டோல அப்பா இல்ல. அதான் எல்லாரும் இப்படிச் சிரிக்கிறோம்.”

சின்னவன் போட்டோவைக் கவிழ்த்து வைத்தான்.

“இதெல்லாம் எழுத முடியாதும்மா” என்றாள் மகள். “வாங்கறவங்க ஃபீல் பண்ணணும்.”

“நீங்க பண்ணலயா?”

“நாங்க விக்கறவங்கம்மா” என்றான் பெரியவன்.

அடுத்த வாரம் ஒருநாள், வண்டியைக் கழுவிக்கொண்டு வருகிறோம் என்று ஓட்டிப் போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது ஹாரன் அடித்து அவளை வாசலுக்கு வரவழைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். பெரியவன் பின் கதவைத் திறந்தான்.

ஓட்டையைக் காணோம். முழு சீட் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. வெள்ளத்தில் மூழ்கிப்போன வேறொரு சோப்பு டப்பாவிலிருந்து கழற்றிய சீட். மன்றத்து ஆள் ஒருவர் அதை அலமாரியில் வைத்து மூன்று வருஷமாகப் பாதுகாத்து வந்தாராம். தன் பெண்ணைக் கட்டிக்கொடுப்பவர் மாதிரி ஆயிரம் விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தாராம். சின்னவன் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். மகள் அதைப் போனில் வீடியோ எடுத்தாள்.

“பழைய சாய்மானம் எங்க?” என்றாள் அவள்.

“தூக்கிப் போட்டாச்சும்மா. அந்த அசிங்கத்த யார் வெச்சுப்பா?”

“நாளைக்குக் காலைல பல் டாக்டர் கிளினிக்ல ராடு மாட்டணும். ஒவ்வொண்ணும் ஆள விட நீளம்.”

“ஒரு சாமான் வண்டி பிடிச்சு அனுப்பிச்சுடும்மா. என்ன பெரிய விஷயம்?” என்றான் பெரியவன். பெரிய விஷயங்களை எல்லாம் அவன் ஆபீஸில் முடித்துவிட்டு வருவான். வீட்டில் மிச்சம் இருப்பவை சின்ன விஷயங்கள்தான்.

சாமான் வண்டி வந்தது. சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வேறு யாருக்கோ போகவேண்டிய நாலு கழிப்பறைக் கோப்பைகளோடு வந்தது. கோப்பைகளை எங்கே வைப்பது என்று யோசித்த டிரைவர் ராடுகளின்மேலேயே வைத்தார். கிளினிக்கில் இறக்கும்போது பாதி ராடு வில்லாக வளைந்திருந்தது. தெருவைப் பார்த்த ஜன்னல்களுக்கான நீள ராடுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

திறப்பு விழாவுக்கு நேரம் குறித்தாகிவிட்டது. பல் டாக்டர் மொட்டை ஜன்னல்களோடே தொழிலை ஆரம்பித்தார். ஜன்னலுக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்தவர்களின் கடைவாய்ப்பல் வரைக்கும் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு பெண்மணி தன் மாமியாரின் வாய்க்குள் எத்தனை பல் பாக்கி என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள். இரண்டு நோயாளிகள் கையால் முகத்தை மூடிக்கொண்டே ஓடிப்போனார்கள்.

“கர்ட்டன் அக்கா, உங்கள நம்பித்தான் வேற யார்கிட்டயும் சொல்லல” என்றார் டாக்டர். அவர் குரலை உயர்த்தாததுதான் கஷ்டமாக இருந்தது. “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மாட்டிடுங்க. இல்லன்னா மாடி வேலைக்கும் சேத்து வேற ஆளப் பாத்துக்கறேன்.”

இருபது வருஷத்தில் அவளிடம் யாரும் ‘வேற ஆள்’ என்று சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டு சொல் பல் வலி மாதிரி கூடவே வந்தது. புது ராடுகளை வாங்கி, கடைப் பையனைச் சுமந்து வரச் சொல்லி, நடையில் சுவரோரமாக வரிசையாகச் சாய்த்து வைத்தாள்.

மறுநாள் காலை டைல்ஸ்காரர் வந்தார். பிள்ளைகள் மூவரும் லீவு போட்டுவிட்டு அவருக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். வந்தவருக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கண்ணில் எப்போதும் ஒரு ஈரம். காரைப் பார்த்ததும் நேரே அதனிடம் போனார். பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மூக்கால் இழுத்தார்.

“அதே வாசனை” என்றார். “ரெக்ஸின், பெட்ரோல், கொஞ்சம் வாந்தி.”

“சுத்தமாக் கழுவிட்டோம் சார்” என்று பதறினான் பெரியவன்.

“ஐயோ, எதுக்குக் கழுவினீங்க?”

அவள் நடையில் நின்றபடி, “உங்ககிட்ட இது மாதிரி எத்தன இருக்கு சார்?” என்று கேட்டாள்.

“பதினாலும்மா. ஏசி போட்ட ஷெட். டயர் தரையில படாது. எல்லாத்தையும் கட்டைமேல தூக்கி வெச்சிருக்கேன்.”

“எதுல போவீங்க?”

“எங்க?”

“எங்கயாவது.”

அவர் புரியாமல் பார்த்தார். “இதுலயா? இதுல போகக்கூடாதும்மா. போனா தேஞ்சுடும். சாயங்காலமாப் போயி நடுவுல நாற்காலி போட்டு உக்காந்துக்குவேன். அவ்வளவுதான்.”

“வீட்ல யாராவது கூட வந்து உக்காருவாங்களா?”

“எங்க வருவாங்க. அவங்கல்லாம் புதுக் கார்ல வெளிய போயிடுவாங்க.”

அவருக்காக அவள் மனசு ஒரு கணம் இளகியது. அடுத்த கணம் நடையில் சாய்ந்திருந்த ராடுகள் கண்ணில் பட்டன.

கிளம்பும் முன் டைல்ஸ்காரர் ஓர் ஆசையைச் சொன்னார். ஒரே ஒரு சுற்று. குடும்பம் முழுக்கப் பழைய மாதிரி உட்கார வேண்டும். அவர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வருவார். ஸ்டியரிங்கில் அம்மா. பெரியவன் ஒரு ஜன்னல், மகள் ஒரு ஜன்னல், நடுவில் சின்னவன். மூன்று பேரும் சேர்ந்து இப்போது ஐந்து பேர் அளவுக்கு இருந்தார்கள். கதவை வெளியிலிருந்து டைல்ஸ்காரர்தான் இடுப்பால் தள்ளிச் சாத்தினார்.

மெயின் ரோட்டைத் தாண்டும் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. “அப்பா இந்தத் திருப்பத்துல ஹாரன் அடிப்பார்” என்றாள் மகள். “ஆமா” என்றான் பெரியவன். சின்னவன் பெருமூச்சு விட்டான். டைல்ஸ்காரர் தலையாட்டினார்.

பிறகு வெயில் ஏறியது.

“அண்ணா, அந்தக் கண்ணாடிய எறக்கு. மூச்சு முட்டுது” என்றான் சின்னவன்.

“கைப்பிடி பழசு. சுத்தினா ஒடஞ்சுடும். ஒடஞ்சா விலை போயிடும்.”

“செத்துப்போனா விலை ஏறுமா?”

“அக்கா, முழங்கைய எடு.”

“உன் இடம் உன் இடம்னு அழுதியே, இருடா இப்ப.”

“அன்னிக்கும் நீதான் கிள்ளுவ. அப்பா என்னைத்தான் அடிப்பாரு.”

“கிள்ளினது அண்ணன். எப்பவுமே அண்ணன்தான். கிள்ளிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் புண்ணியவான் மாதிரி உக்காந்துக்கும்.”

“நான் எதுக்குக் கிள்ளறேன்? நீ என் டிபன் பாக்ஸ வெளிய எறிஞ்ச. மறந்துட்டியா?”

“அது எறியறதுக்கு முன்னாடி நீ என்ன சொன்ன, சொல்லு. இந்த சாருக்கு முன்னாடி சொல்லு.”

பிரின்சிபாலின் குரல் கடைசி பெஞ்சைத் தாண்டிப் பின்கண்ணாடியில் மோதித் திரும்பியது. டைல்ஸ்காரர் சீட்டில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். அவர் முகம் பூவாய் மலர்ந்திருந்தது. “எங்க வீட்ல இதே மாதிரிதான். அச்சு அசல்” என்றார். “அம்மா, இந்த நேரத்துல உங்க வீட்டுக்காரர் ஏதாவது சொல்லுவாரில்ல?”

“சொல்லுவார்.”

“ஒரு தடவ நீங்க சொல்லுங்களேன்.”

அவள் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள். மூன்று வியர்த்த முகங்கள். முடி கொட்டியிருந்ததைத் தவிர ஒன்றும் மாறவில்லை. “இன்னும் ஒரு வார்த்தை பேசினா இங்கயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்” என்றாள்.

“ஆகா” என்றார் டைல்ஸ்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பின்னால் ஒருவரும் நிறுத்தவில்லை. டிபன் பாக்ஸிலிருந்து அப்பாவின் கடைசி நாட்களில் யார் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்பது வரைக்கும் போய்விட்டது பேச்சு. திடீரென்று சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு, “அம்மா, நிறுத்து” என்றான்.

அவள் ஓரம் கட்டினாள். மகளைத் தாண்டி, அவள் மடியில் ஏறி மிதித்து, சின்னவன் வெளியே விழுந்தான். அங்கே ஒரு வெற்று மனை. வேலிக் கம்பிக்கு அந்தப் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். மற்ற இருவரும் காற்று வாங்க இறங்கினார்கள். டைல்ஸ்காரரும் இறங்கினார். தேங்கிய தண்ணீரைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

“ஏரி மாதிரியே இருக்கு” என்றார். “நீங்க கதையில எழுதியிருந்தீங்களே. அதே போட்டோ ஒண்ணு எடுத்துடலாமா?”

விலை என்ற ஒன்று இருப்பது மூவருக்கும் அப்போது ஞாபகம் வந்தது. சின்னவன் வாயைத் துடைத்தான். மகள் முடியை ஒதுக்கினாள். பெரியவன் இருவர் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டு, பழைய போட்டோவில் இருந்ததுபோலவே பல் முழுக்கத் தெரியச் சிரித்தான்.

டைல்ஸ்காரர் ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று போனை உயர்த்தினார். “கார் தண்ணிய மறைக்குது. அம்மா, கொஞ்சம் முன்னாடி எடுங்க.”

அவள் இறங்கவே இல்லை. கியரைப் போட்டுக் கொஞ்சம் முன்னால் எடுத்தாள்.

“இன்னும் கொஞ்சம்.”

எடுத்தாள்.

“இன்னும் கொஞ்சம்மா. வரட்டும், வரட்டும்” என்று பெரியவனும் கையை வீசினான்.

கண்ணாடியில் மூவரும் சிறுத்துக்கொண்டே போனார்கள். இரண்டாவது கியருக்கு மாற்றினாள். கை வீசிக்கொண்டே இருந்தது. மூன்றாவது கியர் போட்டபோது அந்தக் கை இறங்கி இடுப்புக்குப் போவது தெரிந்தது. சின்னவன் கொஞ்ச தூரம் ஓடி வந்தான். ஓடிப் பழக்கம் இல்லாதவன், நின்றுவிட்டான். பஸ் நிறுத்தம் அவர்கள் நின்ற இடத்திலிருந்து அதிக தூரம் இல்லை என்பதை வரும்போதே அவள் கவனித்து வைத்திருந்தாள்.

சோப்பு டப்பாவுக்குள் இன்ஜின் சத்தம் மட்டும் இருந்தது. அதில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

சீட் தைப்பவரின் கடை சந்தைக்குப் பின்னால் இருந்தது. அவர் பின் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “நான் தெச்சது எங்க போச்சுக்கா? இது என்ன, புதுசா இருக்கு?”

“வெள்ளத்துல கெடந்ததாம். ஒரிஜினலாம். நடுவுல வெட்டுங்க. போன தடவ மாதிரியே, ஒரு சாண்.”

“நல்ல சீட்டாச்சேக்கா. இதத் தேடி எத்தன பேரு அலையறாங்க தெரியுமா?”

“தெரியும். ரோட்ல நிக்கறாங்க.”

அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பெரியவன். அவள் எடுத்தாள். அழுகையோ திட்டோ வரும் என்றுதான் நினைத்தாள். அவன் குரலில் மூச்சு வாங்கியது. ஆனால் கோபம் இல்லை.

“அம்மா, கோவிச்சுக்காத. கேளு. இவரு என்ன சொல்றார் தெரியுமா? இப்படி ஒரு கதை எந்த வண்டிக்குமே இல்லையாம். அம்மாவே பிள்ளைங்கள எறக்கி விட்டுட்டுப் போன கார். விலைய இன்னும் கால் பங்கு ஏத்தறேங்கறார். நாங்க மூணு பேரும் இங்கயே நிக்கறோம். வண்டிய அப்படியே திருப்பி எடுத்துட்டு வா. சரியா?”

பின்னால் மகளின் குரல் கேட்டது: “மெதுவா ஓட்டிட்டு வரச் சொல்லு.”

“முடியாது” என்றாள்.

சிக்னல் போய்விட்டதோ என்று அவன் இரண்டு முறை “அம்மா, அம்மா” என்றான்.

“கேக்குதா?” என்றாள். “முடியாதுன்னு சொன்னேன். வண்டிய விக்கறதுக்கில்ல. நான் வீட்ல இருக்கற ராட எடுத்துட்டு மத்தியானத்துக்குள்ள டாக்டர் கிளினிக்குக்குப் போகணும். பஸ் வரும், ஏறி வீட்டுக்குப் போங்க. சின்னவன ஜன்னல் ஓரமா உக்கார வையி.”

போனைப் பைக்குள் போட்டு, டேப்பை எடுத்துப் பின் சீட்டின் மேல் நீட்டிப் பிடித்தாள். சரியாக நடுவில் சாக்குக்கட்டியால் இரண்டு கோடு கிழித்தாள். “இங்க” என்றாள்.

கத்தி இறங்கியது. உள்ளிருந்து வெள்ளத்து மண்ணும் பழைய பஞ்சும் கொட்டின.